தகுந்தவாறு

போர்வெனிர் என்றால் ‘வரப்போவது’ என்று பொருள்.
ஊருக்குப் பெயர் வைத்தவன்
ஒப்பந்தக்காரனாக இருந்திருக்க வேண்டும்.

மகெல்லன் நீரிணையின் காற்றடிக்கும் கரையில்
மருத்துவமனைக்கு ஒரு புதுப் பிரிவு.
இருநூற்றுப் பதினோரு பக்க ஒப்பந்தம்.
வாசல் பெயர்ப்பலகையில்
எழுத்து எத்தனை அங்குலம் என்பது வரை அதில் உண்டு.
எண்பத்தாறாம் பக்கத்தில் மட்டும் இப்படி:
‘பிரசவ அறைக் கதவின் அகலம் – தகுந்தவாறு.’

எதற்குத் தகுந்தவாறு?
கட்டிலுக்கா, கட்டிலைத் தள்ளுகிறவளின் தோளுக்கா,
கதவு விற்பவனின் கிடங்கில் மிஞ்சியதற்கா?
சாந்தியாகோவில் அந்த வரியைத் தட்டியவருக்குப்
பசி வேளையாக இருந்திருக்கலாம்.
குற்றம் சொல்லவில்லை. எனக்கும் பசிக்கும்.

மேஸ்திரி குவென்தேயோ கேட்டு எழுதினார்.
இருபத்திரண்டு நாள் கழித்துப் பதில்:
‘ஒப்பந்தத்தின் எண்பத்தாறாம் பக்கத்தைப் பார்க்கவும்.’
கலவை வண்டிக்குக் காத்திருக்கத் தெரியாது.
தொண்ணூறு சென்டிமீட்டர் விட்டு வார்த்தோம்.
பூமி ஆடும் நாடு; சுவருக்குள் கம்பி
மீன்வலை போல நெருக்கம்.

ஜூலையில் கப்பலில் கட்டில் வந்தது. நூற்று நான்கு.
செவிலி இவோன்னே அதைச் சாய்த்து நுழைத்துக் காட்டினாள்.
ஆளில்லாத கட்டில் சாயும்.

உடைத்தேன். நான்கு நாள்.
ஈரச் சாக்கைத் தொங்கவிட்டும்
தூசி பக்கத்து வார்டுக்குப் போயிற்று.
அங்கே இருமியவர்களின் இருமல்
எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.
உடைத்த கல்லை என்ன செய்வதென்றும் எழுதியிருக்கவில்லை.
துறைமுகச் சாலையின் குழிகளில் கொட்டினோம்.

கட்டில் போயிற்று. கைதட்டினோம்.
மறுவாரம் பொறியாளர் ஹிமேனா லர்ராகிபெல் படகில் வந்து
நான் அறுத்த கம்பி நுனிகளை
ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பதினேழு.
‘இந்தச் சுவர் இனி நிற்பது பழக்கத்தில்தான்’ என்றார்.
இரும்புச் சட்டம் வைக்க வேண்டும்.
சட்டம் வைத்தால் அகலம் குறையும்.
குறைந்தால் கட்டில் போகாது.
மறுபடி உடை.

மறைப்பதற்கில்லை:
முதல் உடைப்பில் மகளின் பல்லுக்குக் கம்பி போட்டேன்.
இரண்டாவதில் குளிருக்கு விறகு, முழு வண்டி.
கூலிச் சீட்டில் ‘மறுவேலை’ என்றொரு கட்டம் உண்டு;
அந்தக் கட்டத்தில்தான் நாங்கள் குடியிருந்தோம்.

மூன்றாவது உடைப்பின்போது
கன்டெய்னர் அலுவலகத்தில் பூட்டு.
உள்ளே ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
கம்பெனி திவால் என்று மளிகைக் கடைக்காரர்தான் சொன்னார்.
பத்தொன்பது நாள் கூலி போயிற்று.

அன்றிரவு சிமென்ட் பையின் பின்புறம் கணக்குப் போட்டேன்:
கான்கிரீட், டீசல், தேய்ந்த பிளேடு, படகு ஓடாத நாட்கள்.
ஒரு கதவின் விலையைப் போல நாற்பது மடங்கு வந்தபோது
பென்சில் மழுங்கிவிட்டது.

ரொசால்வா மிமிசாவை எந்த வரியில் எழுதுவது?
ஆகஸ்ட் ஒன்பது.
இக்கரையில் பிரசவம் பார்க்க இடமில்லை.
அக்கரைக்குப் புறப்பட்டாள், எங்கள் கல் நிரவிய சாலை வழியே.
காற்று துறைமுகத்தை மூடியிருந்தது.
பயணச்சீட்டு அறையில் பெற்றாள்.
பெண் குழந்தை. மீன் தராசில் நிறுத்தார்கள்:
மூன்று கிலோ இருநூறு.

பிறகொரு நாள் டேப்போடு போய்
அந்த அறைக் கதவை அளந்தேன்.
எழுபது.
போதுமாயிருந்தது.

பிரசவ அறைக்கு இன்னும் கதவில்லை.
நீலத் தார்ப்பாய் உப்புவதும் ஒட்டுவதுமாக இருக்கிறது.
திறப்புக்கு மேலே பென்சிலால் எழுதிவிட்டு வந்தேன்: 130.
அடுத்து வருகிறவன் பூசும்போது மறைந்துவிடும்.

கம்பெனியின் டிரில்லர் என் கொட்டகையில் கிடக்கிறது.
கேட்டு ஒருவரும் வரவில்லை.